லுனுகங்கா

லுனுகங்கா என்பது இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்தில், பெந்தோட்டை நகருக்கு அண்மையில், தெத்துவ ஏரியை ஒட்டி அமைந்துள்ள தோட்ட வளவு ஆகும். இறப்பர்த் தோட்டமாக இருந்த இந்நிலத்தை 1948 ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிய ஜெஃப்ரி பாவா (1919–2003), அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இதனைப் படிப்படியாக மாற்றியமைத்தார். இலங்கையின் மிகவும் அறியப்பட்ட கட்டிடக்கலைஞராக அவர் பின்னாளில் ஆனார். ஆயினும் தோட்டத்தைத் தொடங்கியபோது அவர் கட்டிடக்கலை கற்றவர் அல்லர்; வழக்கறிஞராகவே இருந்தார்.

இவ்வளவு பாவாவின் வார இறுதி இல்லமாகவும், தமது கருத்துகளைச் செய்து பார்க்கும் களமாகவும் விளங்கியது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஜெஃப்ரியின் தமையனாரும் தோட்டக்கலைஞருமான பெவிஸ் பாவா (1909–1992) உருவாக்கிய "பிரீஃப்" என்னும் தோட்டம் உள்ளது. இரண்டும் தற்போது பார்வையாளருக்குத் திறந்துள்ளன. ஒன்றைப் பார்க்கச் செல்வோர் பெரும்பாலும் மற்றதையும் பார்த்துத் திரும்புகின்றனர்.

தோட்டம் என்றதும் பூப்பாத்திகளையும் அரிய செடிகளின் வரிசைகளையும் எதிர்பார்த்துச் செல்பவர் லுனுகங்காவில் ஏமாற்றமடையக் கூடும். 1826 இல் பிரெஞ்சு ஆட்சியினர் அமைத்த புதுச்சேரித் தாவரவியற் பூங்காவோ, 1821 இல் பிரித்தானியர் நிறுவிய பேராதனைப் பூங்காவோ செடிகளைத் திரட்டி வளர்த்து ஆராய்வதற்காக உருவானவை. லுனுகங்காவில் திரட்டப்பட்டவை செடிகள் அல்ல, காட்சிகள். எங்கு நின்றால் என்ன தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதே இங்கு ஐம்பது ஆண்டுகளாக வேலையாக இருந்தது.

பெயர்

சிங்கள மொழியில் "லுணு" என்பது உப்பையும் "கங்க" என்பது ஆற்றையும் குறிக்கும். எனவே இப்பெயருக்கு "உப்பாறு" என்று பொருள் கொள்ளலாம். தெத்துவ ஏரி பெந்தோட்டை ஆற்றின் கழிமுகப் பகுதியோடு தொடர்புடைய களப்பு ஆகும். கடல்நீர் உட்புகுவதால் இதன் நீரில் உவர்த்தன்மை உண்டு. பெயர் அதனையே சுட்டுகின்றது. தமிழில் லுனுகங்கா, லுணுகங்கை என இருவகையாகவும் எழுதுவர்.

அமைவிடமும் இயற்கை அமைப்பும்

லுனுகங்கா கொழும்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், தென் மாகாணத்தின் காலி மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே அமைந்துள்ளது. நிலம் ஏரிக்குள் நீண்டு செல்லும் ஒரு முனை ஆகும். இதில் இரண்டு சிறு குன்றுகள் உள்ளன. ஒன்றின் மீது பழைய தோட்டப் பங்களா நிற்கின்றது. மற்றது கறுவா மலை எனப்படுகின்றது. (தமிழகத்தில் பட்டை என்றும் இலவங்கப்பட்டை என்றும் வழங்குவதே ஈழத்தில் கறுவா.) குன்றுகளுக்கு இடையிலான தாழ்வான பகுதியின் ஊடாகப் பொதுப்பாதை ஒன்று செல்கின்றது. கீழே ஏரியோரம் சதுப்பும் வயலுமாக இருக்கின்றது.

இப்பகுதி இலங்கையின் ஈரவலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழைவீழ்ச்சி 2000 மில்லிமீட்டருக்கும் அதிகம். தென்மேற்குப் பருவக்காற்றும் அதற்குப் பின்வரும் மழைக்காலமும் நிலத்தை ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே வைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்திலோ தமிழகக் கரையோரத்திலோ தோட்டம் செய்பவர் நீரைத் தேடிப் பாடுபட வேண்டும். இங்கோ பாடுபட வேண்டியது வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதற்கே. வெட்டாமல் விட்ட இடம் விரைவில் காடாகிவிடும். சுவரிலும் சிலையிலும் பாசி படரும், மரத்தாலானவை உளுத்துப்போகும். லுனுகங்காவின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இவ்வொரு செய்தி மிகவும் இன்றியமையாதது.

முன்வரலாறு

ஒல்லாந்தர் காலத்தில் இந்நிலத்தில் கறுவா பயிரிடப்பட்டது. கறுவா மலையின் பெயர் அதன் எச்சம் ஆகும். இலங்கையின் தென்மேற்குக் கரை கறுவாவின் தாயகம். போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் இங்கு ஈர்த்த பொருள்களுள் முதன்மையானது அதுவே. பிரித்தானியர் காலத்தில் கறுவாவின் இடத்தை இறப்பர் பிடித்தது. பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த நாற்றுகள் 1876 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடவில் நடப்பட்டன. அடுத்த சில பத்தாண்டுகளில் தென்மேற்குத் தாழ்நிலமெங்கும் இறப்பர் பரவியது. பாவா வாங்கியபோது லுனுகங்காவும் அத்தகைய இறப்பர் நிலங்களுள் ஒன்றாகவே இருந்தது.

"தோட்டம்" என்ற சொல்லுக்கு இலங்கைத் தமிழில் இரு பொருள்கள் வழங்குவது இங்கு நினைவுகூரத்தக்கது. வீட்டைச் சூழ்ந்த செடிகொடிகளையும் அது குறிக்கும். தேயிலையும் இறப்பரும் விளையும் பெருந்தோட்டத்தையும் குறிக்கும். லுனுகங்காவின் கதை இரண்டாம் பொருளிலிருந்து முதற்பொருளுக்கு மாறிய ஒரு நிலத்தின் கதை. பிரீஃப் தோட்டத்தின் கதையும் அதுவே.

ஜெஃப்ரி பாவா

ஜெஃப்ரி பாவா 1919 சூலை 23 இல் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாவா கொழும்பில் பெயர்பெற்ற வழக்கறிஞர். தந்தைவழிப் பாட்டனார் அகமது பாவா முசுலிம் வழக்கறிஞர். அவர் மணந்தது ஓர் ஆங்கிலப் பெண்மணியை. தாயார் பெர்த்தா ஷ்ரேடர் ஒல்லாந்தப் பறங்கியர் குடும்பத்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்ற ஜெஃப்ரி, பின்னர் இலண்டனில் சட்டம் பயின்று 1944 இல் பாரிஸ்டர் ஆனார். 1946 இல் நாடு திரும்பிச் சிறிது காலம் கொழும்பில் தொழில் செய்தார். அதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. தாயாரின் மறைவுக்குப் பின் தூரகிழக்கு, அமெரிக்கா, ஐரோப்பா எனச் சுற்றினார். இத்தாலியில் கார்டா ஏரியை நோக்கிய ஒரு மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிட எண்ணினார். அது கைகூடவில்லை.

1948 இல் இலங்கை விடுதலை பெற்ற அதே ஆண்டில் திரும்பி வந்து லுனுகங்காவை வாங்கினார். இத்தாலியில் கிடைக்காத ஏரிக்கரைத் தோட்டத்தை இங்கு உருவாக்குவதே நோக்கம். வேலையைத் தொடங்கியதும் தமது கற்பனைக்கு ஈடாகத் தொழில்நுட்ப அறிவு இல்லை என்பது அவருக்குத் தெளிவாகியது. 1951 இல் கொழும்பில் ஒரு கட்டிடக்கலை நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். பின்னர் இலண்டனில் கட்டிடக்கலைச் சங்கத்தின் பள்ளியில் படித்து, 1957 இல், தமது 38 ஆவது வயதில், தகுதி பெற்ற கட்டிடக்கலைஞர் ஆனார். ஒருவர் கட்டிடக்கலைஞராகித் தமக்கென ஒரு தோட்டம் அமைப்பதுண்டு. இவர் விடயத்தில் தோட்டமே அவரைக் கட்டிடக்கலைஞர் ஆக்கிற்று.

பெந்தோட்டைக் கடற்கரை விடுதி (1967–1969), கோட்டேயிலுள்ள புதிய நாடாளுமன்றம் (1979–1982), மாத்தறையிலுள்ள ருகுணுப் பல்கலைக்கழகம், தம்புள்ளைக்கு அருகிலுள்ள கண்டலம விடுதி (1991–1994) ஆகியவை இவரது முக்கியமான கட்டிடங்கள். தமிழகத்திலும் இவரது பணிகள் உள்ளன. மதுரையில் சிறுவர் நகரும் மதுரை கிளப் கட்டிடமும் இவர் வடிவமைத்தவை. சென்னை கன்னிமாரா விடுதியின் புதுப்பிப்பிலும் இவர் 1970களில் ஈடுபட்டார். 2001 இல் ஆகா கான் கட்டிடக்கலை விருதின் தலைவர் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

தோட்டத்தின் உருவாக்கம்

லுனுகங்காவில் முதல் வேலை நடுவது அன்று, வெட்டுவது. ஏரி மூன்று பக்கமும் சூழ்ந்திருந்தும் வீட்டிலிருந்து அது சரியாகத் தெரியவில்லை. இறப்பர் மரங்கள் நீக்கப்பட்டன. வீட்டின் நுழைவு திசை மாற்றப்பட்டது. வீட்டைச் சுற்றி மண்ணை வெட்டியும் நிரப்பியும் மேடைத்தளங்கள் அமைக்கப்பட்டன. இவை ஒரு வரைபடத்தை முன்வைத்து ஒரே மூச்சில் செய்யப்பட்டவை அல்ல. ஒரு மரம் விழுந்தால் அங்கே ஒரு புதிய காட்சி திறக்கும்; அதிலிருந்து அடுத்த வேலை பிறக்கும். ஐம்பது ஆண்டுகளும் இவ்வாறே கழிந்தன.

தென்புறக் காட்சி

தோட்டத்தின் புகழ்பெற்ற பகுதி வீட்டின் தென்புறம் ஆகும். அங்கு நின்று பார்ப்பவருக்கு முதலில் புற்றரை ஒன்று தெரியும். அது மெல்லத் தாழ்ந்து மீண்டும் கறுவா மலையாக எழும். மலையின் உச்சியில் தனித்து நிற்கும் மகிழ மரத்தின் கீழ் பெரிய சீனத் தாழி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அதற்கும் அப்பால் ஏரியின் நீர்ப்பரப்பு. அதற்கும் அப்பால், தொலைவிலுள்ள குன்றின் மீது, கட்டகுலிய பௌத்த விகாரையின் வெண்ணிறத் தூபி. இவை நான்கும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பது தற்செயல் போலத் தோன்றும். உண்மையில் கறுவா மலையின் உச்சியே வெட்டித் தாழ்த்தப்பட்டது. அதற்குமுன் வீட்டிலிருந்து அந்த ஏரியும் தூபியும் தெரியவில்லை.

தாழியின் பணி இங்கு கவனிக்கத்தக்கது. தொலைவிலுள்ள பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதைக் கண் தானாக அளந்துவிடாது. இடையில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருந்தால்தான் அது இயலும். மலையுச்சியில் உள்ள தாழி அவ்வாறு நடுத்தூரத்தைக் குறித்துக் காட்டுகின்றது. அதனை எடுத்துவிட்டால் மலையும் தூபியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது போலாகும்.

வீட்டுக்கும் கறுவா மலைக்கும் நடுவே ஓடும் பொதுப்பாதையை மறைத்த முறையும் இத்தகையதே. ஊரார் செல்லும் பாதையை மூட முடியாது. வேலி போட்டால் காட்சி இரண்டாகிவிடும். எனவே பாதை பள்ளத்தில் அமையுமாறு செய்யப்பட்டு, இருபுறப் புல்வெளிகளும் தொடர்ந்து செல்வது போன்ற தோற்றம் உருவாக்கப்பட்டது. 18 ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பண்ணைவீட்டுத் தோட்டங்களில் கால்நடைகளைத் தடுக்க இத்தகைய மறைபள்ளங்கள் வெட்டப்பட்டன. அங்கு மறைந்து நின்றது தடுப்பு. இங்கு மறைவது பாதையும் அதில் செல்லும் ஊராரும். சைக்கிள் மணியோசை மட்டும் புல்வெளிக்கு நடுவிலிருந்து எழுவது போலக் கேட்கும்.

தோட்டத்துக்கு வெளியே உள்ள ஒன்றைத் தோட்டத்தின் பகுதியாக்கிக் கொள்ளும் உத்தியைச் சப்பானியத் தோட்டக்கலையில் "கடன்பெற்ற காட்சி" என்பர். லுனுகங்காவின் தென்புறம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதே வேளை இதன் பலவீனமும் இதுவே. கடனாகப் பெற்றதைத் திருப்பிக் கேட்கும் உரிமை மற்றவருக்கு உண்டு. தூபியோ ஏரியின் மறுகரையோ தோட்டத்துக்குச் சொந்தமானவை அல்ல. அங்கு உயரமான விடுதி ஒன்று எழுந்தால் காட்சி உடைந்துவிடும். இந்தப் பக்கத்தில் எவ்வளவு கவனமாகப் புல் வெட்டினாலும் அதனை ஈடுசெய்ய முடியாது. பெந்தோட்டை இலங்கையின் முதன்மையான சுற்றுலாக் கரைகளுள் ஒன்று என்பதால் இது வெறும் கற்பனை அச்சம் அன்று. பாவாவின் பெந்தோட்டைக் கடற்கரை விடுதியே அச்சுற்றுலாவின் தொடக்ககாலக் கட்டிடங்களுள் ஒன்று.

வடபுறமும் தாழ்நிலமும்

வடக்குப் பக்கம் இதற்கு நேர்மாறானது. அங்கு நிலம் செங்குத்தாக ஏரியை நோக்கி இறங்குகின்றது. மேடைத்தளத்தின் ஓரத்தில் கைப்பிடிச் சுவரும் சில சிலைகளும் உள்ளன. அவற்றுக்குக் கீழே ஏரி நேரடியாகத் தெரிகின்றது. இத்தாலிய மறுமலர்ச்சிக்காலத் தோட்டங்களின் சாயல் இங்கு வெளிப்படை. படிகள் வழியே இறங்கினால் வயல்களும் அல்லிக் குளங்களும் கொண்ட நீர்த்தோட்டத்தை அடையலாம். வயல் இங்கு அலங்காரமாக ஒதுக்கி வைக்கப்படவில்லை. தோட்டத்தின் ஒரு பகுதியாகவே வரைந்து சேர்க்கப்பட்டுள்ளது. நாற்றின் இளம்பச்சையிலிருந்து அறுவடைக்காலப் பொன்னிறம் வரை மாறும் இவ்வயல்தான், பூக்கள் மிகக் குறைந்த இத்தோட்டத்தில் நிறம் மாறும் முக்கியமான இடம். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் சிகிரியாவில் அமைத்த நீர்த்தோட்டங்கள் இலங்கையரான எந்தத் தோட்டக்கலைஞர் மனத்திலும் இருக்கும். ஆகவே லுனுகங்காவை இத்தாலியத் தோட்டத்தின் படி என்று மட்டும் சொல்வது பொருந்தாது.

மரங்கள்

தென்புறக் காட்சியின் மையமான மகிழ மரம் சிங்களத்தில் மூணமல் எனப்படும். தமிழரின் கோயில்களிலும் இலக்கியங்களிலும் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் மரம் இது. வீட்டின் அருகே நிற்பது ஈழத்தலரி. கோயில் வளவுகளில் பரவலாகக் காணப்படும் இம்மரம் சிங்களத்தில் அரலிய எனப்படுகின்றது. தமிழ்ப்பெயர் ஈழத்தை அதன் ஊராகச் சொன்னாலும், இதன் தாயகம் நடு அமெரிக்கப் பகுதியே. ஐரோப்பியர் வழியாக ஆசியாவுக்கு வந்தது.

ஈழத்தலரியின் கிளைகளில் கல் போன்ற பாரங்களைத் தொங்கவிட்டு அவற்றைப் பக்கவாட்டில் வளைந்து படரச் செய்தார் பாவா. கிளை ஒன்று விரும்பிய வளைவுக்கு வரப் பல ஆண்டுகள் செல்லும். கற்களை அகற்றிய பின் பார்ப்பவர்கள் மரம் இயல்பாகவே அவ்வாறு வளர்ந்ததாக எண்ணுவர். மனிதக்கை பட்ட சுவடு தெரியாமல் இருக்க எவ்வளவு மனிதக்கை தேவைப்பட்டது என்பதற்கு இம்மரம் ஒரு சான்று.

மற்றபடி பலா, மூங்கில், கமுகு, கறுவா, பல்வகைப் பன்னங்கள் என இப்பகுதிக்குரிய தாவரங்களே மிகுதி. வெவ்வேறு பச்சைகளின் அடர்வும் இலைகளின் வடிவமும் வெயிலும் நிழலுமே இங்கு பூக்களின் வேலையைச் செய்கின்றன.

கட்டிடங்கள்

பழைய பங்களா பலமுறை மாற்றப்பட்டும் நீட்டப்பட்டும் இன்றைய வடிவை அடைந்தது. வளவெங்கும் சிறு கட்டிடங்கள் உள்ளன. விருந்தினர் அறைகள், தோட்ட அறை, கோழிக்கூடு, பாதைக்கு மேலான பாலம் ஆகியவை இவற்றுட் சில. மாட்டுத்தொழுவமாக இருந்த ஒன்று சிற்பக்கூடம் ஆக்கப்பட்டது. கறுவா மலை மீதுள்ள வீடு 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. பெரும்பாலானவை வெள்ளைச் சுவரும் ஓட்டுக்கூரையும் திறந்த விறாந்தையும் உடைய எளிய கட்டிடங்கள். பாவாவின் பிற்காலப் பெருங்கட்டிடங்களில் காணப்படும் பல உத்திகள் இங்கு சிறிய அளவில் முன்பே செய்து பார்க்கப்பட்டவை. அறைக்கும் வெளிக்கும் இடையே எல்லை மங்குவதும் தொலைக்காட்சியை வாயில் ஒன்றினால் சட்டமிடுவதும் அவற்றுள் அடங்கும்.

நாளின் ஒவ்வொரு பொழுதுக்கும் ஏற்றவாறு தோட்டத்தின் வெவ்வேறு இடங்களில் பாவா அமர்வது வழக்கம். ஆங்காங்கே மணிகள் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு மணிக்கும் வேறு வேறு ஓசை. எந்த மணி ஒலிக்கின்றது என்பதை வைத்து அவர் எங்கே இருக்கின்றார் என்று பணியாளர்கள் அறிந்து தேநீரோ பானமோ கொண்டு செல்வர். பார்வையாளர் பலரும் விரும்பிக் கேட்கும் செய்தி இது. மணியை அடித்தவரின் பக்கத்திலிருந்தே இக்கதை எப்போதும் சொல்லப்படுகின்றது. மண் சுமந்து மலையைத் தாழ்த்தியவர்களைப் பற்றியோ, வெப்பத்தில் ஏறியிறங்கிய பணியாளர்களைப் பற்றியோ இத்தோட்டத்தைப் பற்றிய நூல்கள் கூறுவது குறைவு.

கலைஞர்களும் பிரீஃப் தோட்டமும்

லுனுகங்கா தனி ஒருவரின் வளவாக இருந்தாலும் ஒரு கலைஞர் வட்டத்தின் கூடுமிடமாகவும் இருந்தது. ஓவியரும் சிற்பியுமான லக்கி சேனாநாயக்க (1937–2021), பற்றிக் கலைஞர் ஏனா டி சில்வா (1922–2015) ஆகியோர் பாவாவுடன் நெடுங்காலம் இணைந்து பணியாற்றினர். பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் பற்றிக் விதானம் ஏனாவின் கைவண்ணம். லுனுகங்காவின் நீர்க்கரையில் ஏரியை நோக்கிப் படுத்திருக்கும் சிறுத்தைச் சிற்பம் லக்கியினுடையது.

இவ்வட்டத்தின் மூத்த தோட்டம் பெவிஸ் பாவாவின் பிரீஃப் ஆகும். களுத்துறை மாவட்டத்தில், அளுத்கமவிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உள்ளே, களவில என்னும் ஊரில் இது உள்ளது. தந்தை பெஞ்சமின் பாவா ஒரு வழக்கில் கிடைத்த பணத்தைக் கொண்டு இந்த இறப்பர் நிலத்தை வாங்கியதால், வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்படும் வழக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இதற்குப் பெயராயிற்று. பெவிஸ் 1929 இல், தமது இருபதாவது வயதில், இங்கு தோட்டம் அமைக்கத் தொடங்கினார். இலங்கையின் ஆளுநர்கள் நால்வருக்கு அடுத்தடுத்து மெய்க்காப்பு அலுவலராகப் பணியாற்றிய அவர், ஆறடி ஏழங்குல உயரமும் நகைச்சுவையுணர்வும் கொண்டவர். தோட்டத்தில் அக்குணம் தெரியும். லுனுகங்கா அகன்று தொலைவை நோக்குவது. பிரீஃப் அடர்ந்து உள்நோக்கிச் சுருள்வது. ஒன்றில் ஏரியும் அடிவானமும். மற்றதில் வளைபாதைகள், படிகள், மறைவான மூலைகள், எதிர்பாராத இடத்தில் ஒரு சிலை. சகோதரர் இருவரிடையே போட்டி இருந்தது என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. பத்து வயது மூத்தவரின் தோட்டத்தைப் பார்த்தே இளையவருக்கு ஆசை பிறந்திருக்க வேண்டும் என்று கருதுவதற்கு இடமுண்டு.

ஆத்திரேலிய ஓவியர் டொனால்ட் பிரெண்ட் (1915–1989) 1957 இல் சிறிது காலம் தங்குவதற்கென்று பிரீஃப்புக்கு வந்து, 1962 வரை அங்கேயே இருந்தார். அவர் தீட்டிய பெரிய சுவரோவியம் வீட்டில் உள்ளது. அவரது மறைவுக்குப் பின் வெளியான நாட்குறிப்புகள், பிற்காலத்தில் பாலித் தீவில் வாழ்ந்தபோது அவர் சிறுவர்களிடம் பாலியல் முறையில் நடந்துகொண்டதை அவர் எழுத்தாலேயே வெளிப்படுத்தின. அதன்பின் ஆத்திரேலியாவில் அவரது படைப்புகளைக் காட்சிக்கு வைப்பது பற்றி விவாதங்கள் எழுந்தன. சுவரோவியத்தைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகள் இதனைச் சொல்லாமல் விடுவதுண்டு.

உரிமையாளருக்குப் பின்

தோட்டம் என்பது முடிந்துபோன படைப்பு அன்று. ஓவியத்தைச் சட்டமிட்டு வைக்கலாம்; கட்டிடத்தைப் பூட்டிவைத்தாலும் சில காலம் நிற்கும். ஈரவலயத்துத் தோட்டம் ஒரு பருவம் கவனிக்கப்படாவிட்டாலே வேறொன்றாகிவிடும். உருவாக்கியவர் மறைந்த பின் அதனை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சகோதரர் இருவரும் வேறு வேறு விடைகளை விட்டுச் சென்றனர்.

பெவிஸ் 1992 இல் காலமானார். அவர் தமது நிலத்தைத் தம்மிடம் பணியாற்றியவர்களுக்கே பகிர்ந்து எழுதி வைத்தார். வீடும் அதனைச் சூழ்ந்த தோட்டமும், தோட்டத்தை மேற்பார்வை செய்தவருக்குக் கிடைத்தன. இன்று பார்வையாளர் காண்பது ஏறத்தாழ 5 ஏக்கர் பரப்புள்ள அப்பகுதியே. தோட்டத்தைப் பராமரித்தவர்களே அதன் உரிமையாளர் ஆவது இலங்கைத் தோட்ட வரலாற்றில் அரிதான நிகழ்வு.

ஜெஃப்ரி 1998 இல் பக்கவாதத்தால் தாக்குண்டு பேச்சையும் இயக்கத்தையும் பெரிதும் இழந்தார். 2003 மே 27 இல் மறைந்தார். அவரது உடல் லுனுகங்காவின் கறுவா மலையில் எரியூட்டப்பட்டது. வளவு அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தது. விருந்தினரைத் தங்கவைப்பதாலும் பார்வையாளர் கட்டணத்தாலும் பராமரிப்புச் செலவுக்கு வழி செய்யப்படுகின்றது. 2019 இல் தொடங்கிய அவரது நூற்றாண்டு நிகழ்வுகளின்போது, சமகாலக் கலைஞர்கள் பலர் லுனுகங்காவுக்கென்றே படைப்புகளை உருவாக்கினர்.

அறக்கட்டளைக்கு எதிரேயுள்ள சிக்கல் எளிதில் தீர்வதன்று. பாவா உயிருடன் இருந்தவரை தோட்டம் மாறிக்கொண்டே இருந்தது. விழுந்த மரம் அவருக்குப் புதிய வாய்ப்பு. இன்றோ விழுந்த மரம் ஓர் இழப்பு. அதே இடத்தில் அதே மரத்தை மீண்டும் நட்டு 2003 இல் இருந்தவாறே காப்பதா, அல்லது அவர் செய்திருப்பது போல் மாறவிடுவதா? முன்னதில் தோட்டம் உறைந்துபோகும். பின்னதில் "பாவாவின் தோட்டம்" என்ற பெயரின் பொருள் மெல்லக் கரையும். மகிழ மரமும் ஈழத்தலரியும் என்றும் வாழ்வன அல்ல என்பதால், இக்கேள்வியை நெடுங்காலம் தள்ளிப்போடவும் முடியாது.

கட்டிடங்களில் இதற்கு மாறான அனுபவம் ஒன்று உண்டு. கொழும்பில் ஏனா டி சில்வாவுக்காகப் பாவா 1960–1962 காலப்பகுதியில் வடிவமைத்த வீடு, நடுமுற்றத்தைச் சுற்றி அமைந்த நகர வீடுகளுக்கு இலங்கையில் முன்மாதிரியாக இருந்தது. அதன் காணி விற்கப்பட்டபோது வீடு இடிபடும் நிலை ஏற்பட்டது. 2009 ஐ ஒட்டிய காலத்தில் அதன் ஓடுகள், தூண்கள், கதவுகள், முற்றத்துக் கற்கள் ஆகியன எண்ணிடப்பட்டுக் கழற்றப்பட்டு லுனுகங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கு மீண்டும் கட்டும் பணி 2016 இல் நிறைவெய்தியது. ஏனா அதற்கு முந்திய ஆண்டில் மறைந்தார். நெருக்கடியான நகரத் தெருவில் வெளியை மறைத்து உள்ளே முற்றத்தை நோக்குவதற்கென்று அமைந்த வீடு, இப்போது திறந்த தோட்ட நிலத்தில் நிற்கின்றது. வீடு தப்பியது, அதன் தெரு தப்பவில்லை.

பார்வையிடல்

கொழும்பிலிருந்து காலி செல்லும் கரையோரத் தொடருந்துப் பாதையில் அளுத்கம நிலையம் இரு தோட்டங்களுக்கும் வசதியானது. அங்கிருந்து முச்சக்கர வண்டியில் செல்லலாம். லுனுகங்காவில் வழிகாட்டியுடன் குறித்த நேரங்களில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகின்றனர். தங்க விரும்புவோருக்கு அறைகளும் உள்ளன. நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை ஆதலால் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. பிரீஃப்பில் வீட்டின் உட்பகுதியையும் பார்க்கலாம்.

திசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்கள் ஒப்பீட்டளவில் மழை குறைந்தவை. எனினும் மழைக்காலத்தில்தான் பாசியும் பச்சையும் முழுமையாகத் தெரியும். குடையும் வழுக்காத காலணியும் தேவை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க எண்ணுவோர் பிரீஃப்பை முதலில் பார்ப்பது பொருத்தம். அடர்ந்த நிழலுக்குள் ஒன்றிரண்டு மணிநேரம் திரிந்துவிட்டு லுனுகங்காவின் தென்புறத்துக்கு வந்து நிற்பவருக்கு, கறுவா மலையின் உச்சி ஏன் வெட்டப்பட்டது என்பதை வழிகாட்டி விளக்க வேண்டியதில்லை. தூபியைத் தெளிவாகக் காணக் காலைப்பொழுது ஏற்றது. பிற்பகல்களில் மழைமேகம் அதனை மறைத்துவிடுவதுண்டு.